குடவோலையும் நாணயம் சுண்டுதலும்: தெற்காசிய இளையோர் மகளிர் கால்பந்துப் போட்டி வரலாற்றில் விதியின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2017 முதல் நடத்திவரும் இளையோர் மகளிர் போட்டிகளின் வரலாற்றில், 2024 பிப்ரவரி 8 அன்று டாக்காவில் நடைபெற்ற 19 வயதுக்குட்பட்டோர் இறுதி ஆட்டம் ஒரு தனி நிகழ்வாகும். இரு அணிகளும் சமநிலையில் நின்ற வேளையில் நாணயம் சுண்டி வெற்றியாளர் அறிவிக்கப்பட்டு, அம்முடிவு பின்னர் விலக்கப்பட்டு, இந்தியாவும் வங்கதேசமும் கூட்டு வாகையர் என அறிவிக்கப்பட்டன. இந்நிகழ்வைக் காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் குடவோலை முறையோடு ஒப்பிட்டு, குருட்டுவாய்ப்பு எந்நிலையில் நீதியாகிறது, எந்நிலையில் அநீதியாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வயது வரம்பால் கட்டுண்ட போட்டிகளில் விதியை முன்கூட்டியே வகுத்து அறிவிப்பது ஏன் கூடுதல் இன்றியமையாமை பெறுகிறது என்பதும் விளக்கப்படுகிறது.

முக்கியச் சொற்கள்: மகளிர் கால்பந்து, தெற்காசியா, இளையோர் போட்டி, வயது வரம்பு, குடவோலை, உத்தரமேரூர், விதி

முன்னுரை

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வென்றோர் பட்டியலாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டு, எந்த ஊர், எந்த அணி என்ற மூன்று செய்திகளோடு பதிவு நிறைவுறுகிறது. வெற்றியைத் தீர்மானித்த விதி எது, அதை வகுத்தவர் யார், அது ஆட்டத்துக்கு முன் இருந்ததா பின் வந்ததா என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. விதி ஒழுங்காக இயங்கும்போது அது கண்ணுக்குத் தெரிவதில்லை. முறியும்போதுதான் அதன் இருப்பு உணரப்படுகிறது.

பட்டு நெசவாலும் கோயில்களாலும் அறியப்படும் காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு, விதி வகுத்தலின் வரலாற்றிலும் தனியிடம் உண்டு. அம்மாவட்டத்தைச் சேர்ந்த உத்தரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்க் கல்வெட்டுகள், முதற்பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைச் சீட்டெடுத்துத் தேர்ந்த முறையைப் படிப்படியாகக் கூறுகின்றன. குருட்டுவாய்ப்பை ஒரு சமூகம் எவ்வாறு விதிக்குள் அடக்கி வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பழஞ்சான்று தமிழகத்தில் இல்லை எனலாம். டாக்காவில் ஒரு நாணயம் எழுப்பிய சிக்கலை இக்கல்வெட்டுகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நெறியாகும்.

1. தெற்காசிய இளையோர் மகளிர் போட்டிகளின் தோற்றம்

இந்தியாவில் மகளிர் கால்பந்து அமைப்புநிலையில் தொடங்கியது 1975ஆம் ஆண்டில், இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றியதோடு ஆகும். ஆண்கள் கால்பந்தை நிருவகித்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் புறத்தே அது தனித்து இயங்கியது. 1980 சனவரியில் கோழிக்கோட்டில் நடந்த ஆசிய மகளிர் வாகையர் போட்டியிலும், 1983இல் பாங்காக்கில் நடந்த போட்டியிலும் இந்திய அணி இரண்டாமிடம் பெற்றது. 1990களின் தொடக்கத்தில் மகளிர் கால்பந்தின் பொறுப்பு அகில இந்தியக் கூட்டமைப்பிடம் வந்தது. இத்தொடக்க வெற்றிகளைப் பெற்ற தலைமுறைக்குப் பின் அடுத்த தலைமுறையை உருவாக்கும் இளையோர் போட்டிகள் தெற்காசிய அளவில் நெடுங்காலம் இல்லை.

1997இல் நிறுவப்பட்ட தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு (சாஃப்) மூத்தோர் மகளிர் போட்டியை 2010இல் தொடங்கியது. 2010, 2012, 2014, 2016, 2019 ஆகிய ஐந்து போட்டிகளிலும் இந்தியாவே வென்றது. இந்தத் தனியாட்சிக்கு மாற்றுச் சக்தி இளையோர் நிலையிலிருந்தே எழுந்தது. வங்கதேச அரசு 2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிச் சிறுமியர் கால்பந்துப் போட்டி சிற்றூர்களின் பள்ளி மைதானங்களைத் தேசிய அணியோடு இணைத்தது. மைமன்சிங் மாவட்டத்தின் கல்சிந்தூர் என்ற சிற்றூரிலிருந்து மட்டும் பல சிறுமியர் வங்கதேச அணிகளுக்கு வந்தனர். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்திய 14 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான வட்டாரப் போட்டி 2015 ஏப்ரலில் காத்மாண்டுவில் நடந்துகொண்டிருந்தபோது நேபாள நிலநடுக்கம் நேர்ந்தது. இறுதி ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டு அவ்வாண்டு டிசம்பரில் நடைபெற்றது. அதில் வங்கதேசம் நேபாளத்தை வென்றது.

இப்பின்னணியில்தான் 2017 டிசம்பரில் டாக்காவில் சாஃப் அமைப்பின் முதல் 15 வயதுக்குட்பட்ட மகளிர் போட்டி நடந்தது. இறுதியில் வங்கதேசம் இந்தியாவை 1-0 எனத் தோற்கடித்தது. 2018 ஆகஸ்டில் திம்புவில் அதே வயதுப் பிரிவில் இந்தியா வங்கதேசத்தை 1-0 என வென்றது. 2019இல் அதே நகரில் கோலின்றி முடிந்த இறுதி ஆட்டத்தில் பெனால்டி உதைகளின் வழியே இந்தியா வாகை சூடியது. 18 வயதுக்குட்பட்டோர் பிரிவு 2018 செப்டம்பர் இறுதியில் திம்புவில் தொடங்கி, இறுதியில் வங்கதேசம் நேபாளத்தை 1-0 என வென்றது. 2021 டிசம்பரில் டாக்காவில் வங்கதேசம் இந்தியாவை 1-0 என வென்றது. 2022 மார்ச்சில் ஜாம்ஷெட்பூரில் இந்தியா, வங்கதேசம், நேபாளம் ஆகிய மூன்று அணிகள் மட்டும் ஒன்றையொன்று இருமுறை எதிர்கொண்டன. இந்தியாவும் வங்கதேசமும் புள்ளிகளில் சமநிலையில் நிற்க, கோல் வேறுபாட்டால் இந்தியா முதலிடம் பெற்றது.

இப்பட்டியலில் இரண்டு இயல்புகள் புலப்படுகின்றன. ஒன்று, இந்தியாவும் வங்கதேசமும் மீண்டும் மீண்டும் எதிர்நின்றமை. மற்றொன்று, அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் ஒரே கோல் அல்லது ஓர் உதை என்ற அளவில் இருந்தமை. இத்தகைய நெருக்கமான போட்டியில் சமநிலையை முறிக்கும் விதியே பட்டத்தைத் தீர்மானிக்கும் விதியாகிறது.

2. வயது வரம்பும் ஓர் ஆட்டக்காரியின் காலமும்

மேற்கூறிய போட்டிகளின் வயது வரம்பு ஒருநிலையில் நிற்கவில்லை. கீழ்ப்பிரிவு 2017, 2018, 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் 15 வயதுக்குட்பட்டோருக்கும், 2023இல் 17 வயதுக்குட்பட்டோருக்கும், 2024இல் 16 வயதுக்குட்பட்டோருக்கும், 2025இல் மீண்டும் 17 வயதுக்குட்பட்டோருக்கும் நடத்தப்பட்டது. மேற்பிரிவு 18, 19, மீண்டும் 18, பின்னர் 20, 19, 20 என மாறிவந்தது. பங்கேற்கும் நாடுகளும் நிலையாக இல்லை. 2022 நவம்பரில் டாக்காவில் நடந்த 15 வயதுக்குட்பட்டோர் போட்டியில் இந்தியா இல்லை, நேபாளம் வென்றது. 2023 மார்ச்சில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் போட்டியில் அழைப்பின் பேரில் கலந்துகொண்ட ரஷ்ய அணி தெற்காசியப் பட்டத்தையே வென்றது.

வயது வரம்புப் போட்டியில் ஆட்டக்காரியின் பிறந்த ஆண்டே அவளுடைய வாய்ப்பின் அளவுகோல். வரம்பு ஓராண்டு கீழிறங்கினால் ஒரு பிறந்த ஆண்டைச் சேர்ந்தோர் அனைவரும் ஒரே நாளில் வெளியேறுகின்றனர். போட்டி ஓராண்டு தள்ளிப்போனாலும் விளைவு அதுவே. இதற்கு இந்தியாவிலேயே தெளிவான சான்று உண்டு. 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை 2020இல் இந்தியாவில் நடைபெறுவதாக இருந்தது. 2003ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தோர் அதற்குத் தகுதி பெற்றனர். கொள்ளைநோய்க் காலத்தில் அப்போட்டி 2021க்குத் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் முற்றாகக் கைவிடப்பட்டது. ஈடாக இந்தியாவுக்கு 2022ஆம் ஆண்டுப் போட்டி வழங்கப்பட்டது. போட்டியை நடத்தும் உரிமை நாட்டுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் 2022 போட்டிக்கு 2005ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தோரே தகுதியுடையவர்கள். 2003, 2004 ஆகிய ஆண்டுகளில் பிறந்து பயிற்சி பெற்றுவந்தோர்க்கு எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அமைப்புகளுக்கு அடுத்த போட்டி என்று ஒன்று எப்போதும் உண்டு. வயதுப் பிரிவு ஆட்டக்காரிக்கு அது பெரும்பாலும் இல்லை. இளையோர் போட்டிகளை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

தமிழகத்தைப் பொறுத்தவரையிலும் இது புறச்செய்தி அன்று. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகத் தேசிய மூத்தோர் வாகையர் பட்டம் பெற்றது. 2023 சூனில் அமிர்தசரசில் அரியானாவை அதே கணக்கில் வென்று இரண்டாம் முறையும் அப்பட்டத்தைப் பெற்றது. மதுரையைச் சேர்ந்த சேது கால்பந்துக் கழகம் 2019இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது. கடலூர் மாவட்டத்திலிருந்து வந்த இந்துமதி கதிரேசன் போன்றோர் இந்திய அணியில் நிலையான இடம் பெற்றனர். 2023 பிப்ரவரியில் சென்னை நேரு விளையாட்டரங்கில் இந்திய மகளிர் அணி நேபாளத்தோடு இரு நட்புறவு ஆட்டங்களை ஆடியது. மாநிலத்தின் சிறுநகரங்களில் பந்து உதைக்கும் சிறுமியருக்கு நாட்டின் சட்டை அணியும் முதல் வாயில், தெற்காசிய இளையோர் போட்டிகளே. அவ்வாயிலின் விதிகள் உறுதியாக இருப்பது அவர்களுக்கும் உரிய நலனாகும்.

3. டாக்கா இறுதி ஆட்டம், 2024

2024ஆம் ஆண்டு 19 வயதுக்குட்பட்ட மகளிர் போட்டி பிப்ரவரி 2 முதல் 8 வரை டாக்காவின் கமலாப்பூர் விளையாட்டரங்கில் நடைபெற்றது. வங்கதேசம், இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நான்கு அணிகள் கலந்துகொண்டன. இந்தியா பூட்டானை 10-0 எனவும் நேபாளத்தை 4-0 எனவும் வென்று, வங்கதேசத்திடம் 0-1 எனத் தோற்றது. முதலிரு இடங்களைப் பெற்ற வங்கதேசமும் இந்தியாவும் இறுதியில் மீண்டும் சந்தித்தன.

ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே சிபானி தேவி அடித்த கோலால் இந்தியா முன்னிலை பெற்றது. அந்நிலை ஆட்டம் முழுவதும் நீடித்தது. 90 நிமிடங்கள் கடந்து, நடுவர் கூட்டியளித்த நேரத்தில் வங்கதேசத்தின் சாகரிகா கோலடித்துச் சமநிலை ஏற்படுத்தினார். பெனால்டி உதைகள் தொடங்கின. ஓர் அணியின் பதினொருவரும், கோல் காவலர் உட்பட, தத்தம் உதையைக் கோலாக்கினர். எதிரணியின் பதினொருவரும் அவ்வாறே செய்தனர். கணக்கு 11-11 என நின்றது. இருபத்திரண்டு இளம் பெண்கள், ஒருவர் பின் ஒருவராக, ஒரு பிழையும் இன்றி உதைத்தனர் என்பது தன்னளவிலேயே பதிவுக்குரிய அருஞ்செயல். அதன் பின் நிகழ்ந்தவை அச்செயலை மறைத்துவிட்டன.

கால்பந்து ஆட்ட விதிகளின் பத்தாம் விதி இந்நிலைக்கு வழி கூறுகிறது. தகுதியுள்ள அனைவரும் ஒருமுறை உதைத்த பின்னரே எவரும் இரண்டாம் முறை உதைக்கலாம்; அனைவரும் உதைத்தபின் மீண்டும் அடுத்த சுற்று தொடங்க வேண்டும்; உதைப்போரின் வரிசையை அணி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டாக்காவில் அடுத்த சுற்றுக்குப் பகரமாக, ஆட்ட ஆணையரின் முடிவின்படி நாணயம் சுண்டப்பட்டது. இந்தியா வென்றதாக அறிவிக்கப்பட்டது. இந்திய ஆட்டக்காரியர் மகிழ்ச்சியில் ஆர்ப்பரிக்க, வங்கதேச அணியினர் மைதானத்தைவிட்டு அகலாமல் எதிர்ப்புத் தெரிவித்தனர். பார்வையாளர் பகுதியிலிருந்து பாட்டில்கள் வீசப்பட்டதாகச் செய்திகள் பதிவுசெய்தன. போட்டி விதிகளில் நாணயம் சுண்டுதலுக்கு இடமில்லை என்பது உணரப்பட்டபின், முடிவு விலக்கப்பட்டு, பெனால்டி உதைகளைத் தொடருமாறு அணிகள் கேட்கப்பட்டன. வென்றதாக அறிவிக்கப்பட்ட இந்திய அணி மீண்டும் உதைக்க வரவில்லை. நீண்ட காத்திருப்புக்குப் பின் இரு அணிகளும் கூட்டு வாகையராக அறிவிக்கப்பட்டன.

இருதரப்பு நிலைப்பாட்டிலும் நியாயம் இருந்தது. விதிப்படி ஆட்டம் முடியவில்லை என்பது வங்கதேசத்தின் வாதம். அதிகாரமுள்ளவர் முடிவை அறிவித்துவிட்டார் என்பது இந்தியாவின் வாதம். ஒன்று விதியின் மேல் நிற்கிறது. மற்றொன்று அதிகாரத்தின் மேல் நிற்கிறது. விதியும் அதிகாரமும் ஒன்றாக இயங்க வேண்டிய இடத்தில் பிரிந்து நின்றதே அந்த இரவின் சிக்கல்.

4. கால்பந்தில் குருட்டுவாய்ப்பின் வரலாறு

கால்பந்து வரலாற்றில் நாணயமும் சீட்டும் புதியவை அல்ல. 1968 சூன் 5 அன்று நேப்பிள்சில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் ஆடிய ஐரோப்பிய வாகையர் அரையிறுதி கோலின்றி முடிய, நாணயம் சுண்டி இத்தாலி இறுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்வாண்டே மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல், பல்கேரியா அணிகள் சமநிலையில் நிற்க, சீட்டெடுப்பில் இஸ்ரேல் வெளியேறியது. அவ்வெளியேற்றத்தின் கசப்பிலிருந்து இஸ்ரேலைச் சேர்ந்த யோசெஃப் தாகான் பெனால்டி உதைகளால் முடிவு காணும் முறையை முன்வைத்தார். பன்னாட்டுக் கால்பந்து விதிகளை வகுக்கும் வாரியம் 1970 சூன் 27 அன்று அம்முறையை ஏற்றது.

எனவே பெனால்டி உதைமுறை, நாணயத்தை அகற்றுவதற்கென்றே தோன்றியது. முடிவு ஆட்டக்காரரின் காலிலிருந்து பிறக்க வேண்டும், வானில் சுழலும் உலோகத்திலிருந்து பிறக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. 1970இல் வெளியேற்றப்பட்ட நாணயம் 2024இல் பெனால்டி உதைகளின் நடுவே திரும்ப நுழைந்தது என்பதே டாக்கா நிகழ்வின் வரலாற்று முரண். உதைகள் முடிவின்றி நீளும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. 2005இல் நமீபியக் கோப்பை இறுதியில் 48 உதைகளுக்குப் பின் 17-16 என முடிவு கிடைத்தது.

எனினும் குருட்டுவாய்ப்பு கால்பந்திலிருந்து முழுமையாக விலகவில்லை. எந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தில் உதைப்பது, எந்த அணி முதலில் உதைப்பது என்பவற்றை இன்றும் நாணயமே முடிவு செய்கிறது. குழுநிலையில் எல்லா அளவுகளிலும் இரு அணிகள் சமமாக நின்றால் சீட்டெடுப்பது பல போட்டிகளின் எழுதப்பட்ட விதி. 1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து, நெதர்லாந்து அணிகளின் இடவரிசை இவ்வாறே தீர்ந்தது. அப்போது கலகம் எழவில்லை. காரணம் எளிது: சீட்டு எடுக்கப்படும் என்பதை இரு அணிகளும் போட்டி தொடங்கும் முன்பே அறிந்திருந்தன. ஆகவே வினா நாணயம் நல்லதா தீயதா என்பதன்று. அதை அங்கே வைத்தது எது என்பதே.

5. உத்தரமேரூர்: விதிக்குள் அடங்கிய சீட்டு

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் தமிழகத்தில் சங்க காலத்திலேயே அறியப்பட்டது என்பதற்கு அகநானூற்றின் 77ஆம் பாடல் சான்று. எனினும் அதன் நடைமுறை முழுமையாக வெளிப்படுவது உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில்தான். முதற்பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 919), 14ஆம் ஆட்சியாண்டிலும் (கி.பி. 921) பொறிக்கப்பட்ட இவ்விரண்டும் வாரியத் தேர்வு பற்றியவை. கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் முதலிய வரலாற்றறிஞர் இவற்றை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காணி, மனை, கல்வி, ஒழுக்கம், வயது ஆகிய தகுதிகள் வரையறுக்கப்பட்டன. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தோரும், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதோரும் அவருடைய குறிப்பிட்ட உறவினரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோரின் பெயர் ஓலைகளில் எழுதப்பட்டுக் குடும்பு வாரியாகக் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. சிறியோரும் பெரியோருமாகச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் நம்பிமாருள் மூத்தவர் குடத்தை அனைவரும் காணத் தூக்கிக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்படும். அதிலிருந்து அச்சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்குவான். அவன் படித்த ஓலையை அங்குள்ள நம்பிமார் அனைவரும் படிப்பர். அதன் பின்னரே பெயர் ஏற்கப்படும். தேர்ந்தோர் 360 நாள் பணியாற்றி விலகுவர்.

விரல்களை விரித்துக் கையேந்த வேண்டும் என்ற அளவுக்கு விதி நுணுகியிருப்பது கருதத்தக்கது. ஓலையை மறைத்து மாற்ற இடமில்லாமல் செய்வதே அதன் நோக்கம். தேர்வு குருட்டுவாய்ப்பிடம் விடப்பட்டது. ஆனால் தேர்வுமுறையில் எதுவும் வாய்ப்புக்கு விடப்படவில்லை.

இம்முறையை இன்றைய மக்களாட்சியாகக் காண்பது பொருந்தாது. அது பிரமதேய ஊரின் சபை. நிலமற்றோர்க்கும் பிற சமூகத்தார்க்கும் அங்கு இடமில்லை. பெண்களின் பெயர் அக்குடத்தில் விழவில்லை. இவ்வரம்புகளை ஏற்றுக்கொண்டே, விதி வகுத்தலின் நுட்பத்தை மட்டும் இங்கு ஒப்பீட்டுக்குக் கொள்ளலாம்.

மற்றொரு செய்தியும் நோக்கத்தக்கது. 919ஆம் ஆண்டுக் கல்வெட்டு வயது வரம்பை 30க்கு மேல் 60க்குள் என வகுத்தது. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதை 35க்கு மேல் 70க்குள் என மாற்றியது. இரண்டே ஆண்டுகளில் விதி திருத்தப்பட்டது. ஆனால் அத்திருத்தம் தேர்வின் நடுவே நிகழவில்லை. சபை கூடி, அரசனின் அலுவலர் உடனிருக்க முடிவுசெய்து, கல்லில் வெட்டிய பின்னரே நடைமுறைக்கு வந்தது.

6. ஒப்பீடு

இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது மூன்று வேறுபாடுகள் புலனாகின்றன.

முதலாவது, காலம். உத்தரமேரூரில் சீட்டெடுப்பு தேர்வுக்கு முன்பே முடிவான விதி. டாக்காவில் அது ஆட்டத்தின் நடுவே எழுந்த ஒருவர் முடிவு. முன்பே அறிந்த சீட்டில் தோற்பவர் தம் ஊழை நொந்துகொள்வார். இடையில் நுழைந்த சீட்டில் தோற்பவர் சீட்டெடுத்தவரையே நோவார்.

இரண்டாவது, சாட்சி. குடவோலையில் குடம் தூக்கிக் காட்டப்படுகிறது. ஓலை பலரால் படிக்கப்படுகிறது. முடிவு ஒருவர் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. டாக்காவிலும் ஆயிரம் கண்கள் இருந்தன. ஆயினும் நிகழ்வது எந்த விதியின்படி என்பதை அக்கண்கள் அறியவில்லை. காண்பது வேறு, சாட்சியாவது வேறு. விதியை அறிந்து காண்பவரே சாட்சியாக முடியும்.

மூன்றாவதும் முதன்மையானதும், மீள்வாய்ப்பு. உத்தரமேரூரில் இவ்வாண்டு பெயர் வராதவருடைய ஓலை அடுத்த ஆண்டு மீண்டும் குடத்தில் இடப்படும். பொறுப்பு வகித்தவர் மூன்றாண்டு விலகி நிற்பதால் பிறர்க்கு வாய்ப்பு பெருகும். அவர்க்குரிய வயதுக்காலமோ 35 ஆண்டுகள் நீண்டது. சீட்டின் அநீதி, அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் காலப்போக்கில் ஈடுகட்டப்படுகிறது. இளையோர் கால்பந்தில் இந்த ஈடு இல்லை. 19 வயதுக்குட்பட்டோர் இறுதியில் ஆடும் ஒருத்தி அடுத்த போட்டியின்போது வரம்பைக் கடந்திருக்கக்கூடும். வரம்பே 18, 19, 20 என மாறிவரும்போது அவளால் அதைக் கணிக்கவும் முடியாது. எனவே நீண்ட வயதுக்காலமுடைய ஊர்ப்பெரியோரின் தேர்வுக்குத் தேவைப்பட்டதைக் காட்டிலும் கூடுதலான விதியுறுதி, குறுகிய வயதுக்காலமுடைய சிறுமியரின் ஆட்டத்துக்குத் தேவை. நடைமுறையில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு.

கூட்டு வாகையர் என்ற தீர்வை இந்நோக்கில் மதிப்பிடலாம். அது அமைதியைக் கொணர்ந்தது. இரு நாட்டு அமைப்புகளுக்கும் முகம் காத்தது. ஆனால் ஆட்டக்காரியருக்கு அது முழு வெற்றியுமன்று, முழுத் தோல்வியுமன்று. ஆடி முடிக்க விடப்படாத ஓர் ஆட்டமே அவர்கள் கையில் எஞ்சியது. பன்னிரண்டாம் உதையை எடுக்கும் உரிமை இரு அணியினர்க்கும் விதிப்படி இருந்தது. அவ்வுரிமையை இழந்தது ஓர் அணி மட்டுமன்று.

7. பிற்கால நிகழ்வுகள்

டாக்கா நிகழ்ந்து ஒரு மாதத்துக்குப் பின், 2024 மார்ச்சில் நேபாளத்தில் நடந்த 16 வயதுக்குட்பட்டோர் இறுதியில் இந்தியாவும் வங்கதேசமும் மீண்டும் எதிர்நின்றன. ஆட்டம் மீண்டும் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. பெனால்டி உதைகளில் வங்கதேசம் வென்றது. இந்தியா தோல்வியை ஏற்றது. எவரும் மைதானத்தில் அமர்ந்து போராடவில்லை. அதே நாடுகள், அதே கணக்கு, அதே முறை. வேறுபட்டது, விதி இறுதிவரை இயங்கியது என்பது மட்டுமே. டாக்காவின் கலகத்தை இரு நாட்டு உணர்ச்சிப் பகையாக விளக்குவோர்க்கு இவ்வாட்டம் மறுப்பாகும்.

2025இல் சூலையில் டாக்காவில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் போட்டியும், ஆகஸ்டில் திம்புவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் போட்டியும் தனி இறுதி ஆட்டமின்றி, அணிகள் ஒன்றையொன்று இருமுறை எதிர்கொள்ளும் முறையில் நடைபெற்றன. முன்னதில் வங்கதேசமும் பின்னதில் இந்தியாவும் முதலிடம் பெற்றன. இம்முறை 2022இல் ஜாம்ஷெட்பூரிலேயே கையாளப்பட்டது. ஓர் இரவின் ஒரு கணத்தில் பட்டம் தொங்கும் நிலையை இது குறைக்கிறது. ஆனால் இதிலும் சமநிலையை முறிக்கும் விதி தேவை. அது முன்பே அறிவிக்கப்பட்டிருத்தலும் தேவை.

இவ்விளையோர் போட்டிகளின் பயன் மூத்தோர் நிலையிலும் தெரிகிறது. வங்கதேசம் 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் சாஃப் மூத்தோர் பட்டத்தை வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்றது. இந்தியாவும் 2025 சூலையில் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று அதே கோப்பைக்குத் தகுதி பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் இந்திய 20 வயதுக்குட்பட்டோர் அணி, இருபதாண்டு இடைவெளிக்குப் பின் ஆசியக் கோப்பைத் தகுதியை ஈட்டியது. சிறு அரங்குகளில் குறைந்த பார்வையாளர் முன் நடக்கும் வட்டாரப் போட்டிகள் அற்பமானவை அல்ல என்பதற்கு இவை சான்றுகள்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. குருட்டுவாய்ப்பு தன்னியல்பில் நீதியோ அநீதியோ அன்று. அது முன்கூட்டிய விதியால் இடம் வகுக்கப்படும்போது நீதியாகிறது. உத்தரமேரூர்ச் சபையார் இதை உணர்ந்தே, சீட்டை நம்பிய அளவுக்குச் சீட்டெடுக்கும் கைகளை நம்பாது விதி வகுத்தனர். டாக்காவில் விதி இருந்தது. அது களத்தில் இருந்தோரின் நினைவில் இல்லை. வயது வரம்புடைய போட்டிகளில் மீள்வாய்ப்பு இல்லாமையால் இப்பிழையின் சுமை முழுவதும் ஆட்டக்காரியர் மேல் விழுகிறது.

வயதுப் பிரிவுகளைச் சில ஆண்டுகளுக்கேனும் நிலைப்படுத்தி முன்னறிவித்தல், ஆட்டத்துக்கு முன் இரு அணித்தலைவியரும் நடுவரும் ஆணையரும் கூடிச் சமநிலை விதியைப் படித்து உறுதிசெய்தல் ஆகியன பெருஞ்செலவின்றி இயலும் செயல்கள். கல்லில் வெட்டிய விதியை ஊரார் யாவரும் காணக் கோயில் சுவரில் வைத்த மரபுக்கு, ஒரு தாளில் உள்ள விதியை ஆட்டத்துக்கு முன் உரக்கப் படிப்பது கடினமன்று. 22 உதைகளையும் பிழையின்றி உதைத்த பெண்களுக்கு அமைப்புகள் செலுத்த வேண்டிய குறைந்த அளவுக் கடன் அது.